கையெழுத்தில்லாத கடிதம்



தமிழ் நூல்களை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் இருந்து தமிழ் படித்த ஊர் இந்தப் புன்னக்காயல். அச்சேறிய தமிழின் அருமை தெரிந்த ஊர். அதனால்தான் அச்சேறிய ஒரு பொய்யைப் பற்றி இங்கே பேச வந்திருக்கிறேன்.

1983 ஜூலை. டெல்லியிலிருந்து வந்த 'பேட்ரியாட்' என்ற ஆங்கில நாளிதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவருக்குப் பெயர் இல்லை. பிரபல அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் போட்டிருந்தார்கள். எய்ட்ஸ் கிருமியை உண்டாக்கியதே அமெரிக்க ராணுவம்தான், அடுத்த சோதனை பாகிஸ்தானில் நடக்கப்போகிறது, இந்தியாவுக்கும் ஆபத்து என்றது கடிதம். பாகிஸ்தான் பெயரை ஏன் இழுத்தார்கள்? நமக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து அங்கே கை வைத்தார்கள்.

கடிதத்துக்குப் பின்னால் இருந்தது சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. 1985ல் மாஸ்கோ வார இதழ் ஒன்று, இந்தியப் பத்திரிகையே எழுதியிருக்கிறதே என்று நம்மைச் சாட்சிக்கு இழுத்து இதே கதையை மறுபடி கிளப்பியது. 1987க்குள் 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போய்விட்டது. இதில் கே.ஜி.பி.க்குப் பங்கு உண்டு என்று 1992ல் ஒப்புக்கொண்டவர், ரஷ்ய உளவுத்துறையின் தலைவராக இருந்த பிரிமகோவ்.

இத்தனை பேர் எப்படி நம்பினார்கள்? கடலுக்குப் போகும் நீங்கள் தூண்டிலில் கோக்கும் இரை நிஜமான இரைதானே, முள் அதற்குள்ளே அல்லவா இருக்கிறது! ஃபோர்ட் டெட்ரிக் என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் கிருமி ஆயுதம் செய்தது உண்மை. 1969ல் அதிபர் நிக்சன் நிறுத்தும்வரை செய்தார்கள். சோவியத்தும் சளைக்கவில்லை. 1979ல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கெட்டுப்போன இறைச்சியைத் தின்றதால் வந்த சாவு என்று அரசாங்கமே சாதித்தது. ஆகவே அரசாங்கங்களைச் சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகப்பட்டவன் அதோடு நிற்கக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

எய்ட்ஸ் கதையைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? கிருமியின் மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தை 1970களில்தான் மனிதன் கைக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் 1959ல் எடுத்து வைத்திருந்த ரத்தத்திலேயே எய்ட்ஸ் கிருமியான ஹெச்.ஐ.வி. இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதனுக்குத் தொற்றிய கிருமி அது.

இனி நம் சென்னைக்கு வாருங்கள். எய்ட்ஸ் வெளிநாட்டான் நோய், நம் மண்ணுக்கு வராது என்று படித்தவர்களே பேசிய காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடு என்றார். பணம் இல்லை, கையுறைகூட இல்லை. மயிலாப்பூர் ரிமாண்டு ஹோமில் இருந்த பெண்களிடமும் இன்னும் சிலரிடமும் நிர்மலா ரத்தம் எடுத்தார். 80க்கும் மேற்பட்ட மாதிரிகள்! வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. தமிழகச் சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம்பாதவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் நம் மண்ணிலும் கிருமி இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அந்தச் சோதனையில்தான். டெல்லிக் கடிதம் யார் மேல் பழி போடலாம் என்று தேடியது. இந்த இரண்டு பெண்களும் நோயாளி யார் என்று தேடினார்கள்.

பழியை நம்புவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2005ல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நடத்திய ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேர் ஹெச்.ஐ.வி. மனிதன் செய்தது என்று நம்பினார்கள். அப்படிப்பட்ட சதிக்கதைகளை உறுதியாக நம்பிய ஆண்களிடம் ஆணுறை பயன்பாடு குறைவாக இருந்தது. பொய்யை எழுதியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நம்பியவன் உடம்பில்தான் நோய் ஏறியது.

2020லும் இதையே பார்த்தோம். கொரோனாவை அமெரிக்க ராணுவம் வூஹானுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்றார் சீன வெளியுறவுத் துறைப் பேச்சாளர். சீனா செய்த ஆயுதம் என்றார்கள் மறுபக்கத்தில். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டு விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதுவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்தக் காய்ச்சலை அந்த நாடு அனுப்பியது என்று வாட்ஸ்அப்பில் வந்தால், சொன்னவர் பெயர் என்ன, எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். காய்ச்சல் விடவில்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹெச்.ஐ.வி. பற்றிப் பயம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். சோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.