பொன்முடி: ஏற்காட்டு அடிவாரம் தந்த காதல் படம்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில், டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வளைவு இன்றும் நிற்கிறது. அந்த ஸ்டூடியோவின் ‘மந்திரி குமாரி’யையும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தையும் பேசாதவர் இல்லை. ‘மந்திரி குமாரி’ வந்த அதே 1950இல், அதற்குச் சில மாதம் முன்பே அங்கிருந்து வந்த ‘பொன்முடி’யை நினைப்பவர்கள்தாம் குறைவு.

பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியமே கதை. முத்து வணிகக் குடும்பங்கள் இரண்டு. தகப்பன்மாரின் பகை பொன்முடியையும் பூங்கோதையையும் பிரிக்கிறது. வசனமும் பாவேந்தர் பாரதிதாசனுடையதே. இயக்கியவரோ தமிழ் அறியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். நரசிம்ம பாரதியையும் மாதுரி தேவியையும் அவர் அந்தக் காலத் திரை பழகியிராத அளவுக்கு நெருங்கி நிற்க வைத்தார். முகம் சுளித்தவர்கள் பலர். என் கணிப்பில் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காதலர்கள் சபையைப் பார்த்துப் பாடும் நாடக மேடை வழக்கம் இதில் தளர்கிறது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இசையமைத்த ஜி. ராமநாதனே நாயகனுக்குக் குரலும் கொடுத்தார். கனத்த, கமகம் நிறைந்த அந்தக் குரல் காதலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கேட்டுத்தான் உணர வேண்டும்.

பழைய படங்களின் பொருள்களைச் சேர்ப்பவர்களை இப்படி மறக்கப்பட்ட படங்களே அதிகம் இழுக்கின்றன. பெருவெற்றிப் படங்களின் பாட்டுப் புத்தகம் எங்காவது கிடைத்துவிடும். மறக்கப்பட்ட படத்துக்கு மெல்லிய தாளில் அச்சான ஒரு புத்தகமும், 78 சுற்று இசைத்தட்டும், ஒரு ஸ்டில்லும்தான் சாட்சி. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பது அந்தப் புத்தகங்களின் வழக்கம். பல படங்களுக்கு இன்று பிரதியே இல்லை. அந்தப் பாதிக் கதைதான் மிச்சம். கோட்டையூர் ரோஜா முத்தையாவும் பிலிம் நியூஸ் ஆனந்தனும் சேர்த்து வைத்திராவிட்டால் அதுவும் போயிருக்கும்.

சேலத்து நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.