ஒட்டுத் துணியின் உயர்வு

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், ஒட்டுப்போட்ட சட்டை அணிந்து வந்த சிறுவன் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அது பிழையென்று பிற்காலத்தில் எனக்கு உணர்த்தியது ஒரு போர்வை.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவ்வினப் பெண்டிர் கிழிந்த துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். பழஞ்சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை அடுத்தடுத்து வைத்துத் தைத்தவாறே நடுவை அடைவர். மூலைகளில் மலர் எனப் பெயரிட்ட மடிப்புத் துண்டுகளைப் பதிப்பர். அம்மலரின்றிப் போர்வை நிறைவுறாது என்பது அவர்தம் கொள்கை. வறுமையிலும் அழகை அவர்கள் கைவிடவில்லை.

அச்சிறுவனின் தாயும் அவ்வாறே தைத்திருப்பாள். நான் கிழிசலைக் கண்டேன், தையலைக் காணவில்லை. நீங்கள் தையலைக் காணுங்கள்.