மூக்கில் உதிரம்
திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க வரும் முதியவர்களுள், இருதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் சிலரேனும் இருப்பர். 1920-களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் உதிரம் நில்லாமல் மாண்டதை ஆராய்ந்ததன் பயனாகத் தோன்றி, 1948-இல் எலிப் பாஷாணமாகி, 1954-இல் மனிதருக்கே ஔஷதமான விசித்திர வஸ்து அது!

அதை உண்பவருக்கு மூக்கில் இரத்தம் வந்தால், நம் வீட்டு வழக்கப்படி அண்ணாந்து படுக்கவைப்பது தவறு. இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, சற்றே முன்குனிந்து, வாயால் சுவாசித்தபடி, மூக்கின் எலும்பில்லாத மிருதுவான பாகத்தை 15 நிமிஷம், இடையில் விட்டுப் பார்க்கும் சபலமின்றி, இறுகப் பிடிக்க வேண்டும். அப்போதும் நில்லாவிடில், செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். வால்வில் இரத்தம் கட்டினால் உயிருக்கே அபாயம்.