ஓவியர் கேட்ட கூலியும் தொலைக்காட்சியின் கடமையும்



மாபெரும் கலைஞர்களின் வாழ்வும் படைப்பும் தொலைக்காட்சிக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையைப் பெங்களூருவிலிருந்தே தொடங்கலாம். கஸ்தூர்பா சாலையிலுள்ள கலைக்கூடம் கே. வெங்கடப்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்வோரில் அவரை அறிந்தவர் எத்தனை பேர்?

மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர் வெங்கடப்பா. கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். உதகையையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். வீணையும் கற்றார். மைசூர் அரண்மனைக்காகப் புடைப்புச் சிற்பங்கள் செய்துவந்தார். 1940இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மறைந்ததும் அரண்மனை ஆதரவு முடிவுக்கு வந்தது. பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்த வெங்கடப்பா, தமக்குரிய தொகையைக் கோரி அரண்மனை மீதே வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. மன்னர் மனமுவந்து தருவதே கலைஞனின் சன்மானம் என்றிருந்த சமஸ்தானத்தில், உழைத்தவன் என்ற உரிமையோடு அவர் நீதிமன்றப் படியேறினார். கலை விமர்சகர்கள் அவருடைய உதகை மூடுபனியை வியந்த அளவுக்கு இவ்வழக்கைப் பேசியதில்லை. மூடுபனியைப் பேசுவது எளிது.

இத்தகைய வாழ்வு திரைக்கு ஏற்றதா என்று ஐயுற வேண்டியதில்லை. பார்வையிழந்த பின்னும் சுவர்ச்சித்திரம் படைத்த வினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றி, அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ஆவணப்படம் மிகச் சிறியது. ஆயினும் ஒரு வாழ்வு அதில் அடங்கிவிட்டது. அதே ஆண்டில் பிபிசியில் ஜான் பெர்ஜர் நான்கே பகுதிகளில், ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்கும் சொத்துடைமைக்கும் உள்ள உறவை எளிய மக்களுக்கும் புரியும்படி விளக்கினார். கர்நாடகத்துக்கும் இது புதிதன்று. ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகளை ஆகும்பே கிராமத்தில் படமாக்கித் தூர்தர்ஷன் வழியே நாடெங்கும் கொண்டுசென்றவர் சங்கர் நாக்.

பிறகு ஏன் தேக்கம்? வான் அலைகள் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பண்பாட்டை வளர்ப்பதைப் பிரசார் பாரதியின் கடமையாக 1990ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துள்ளது. ஆனால் விளம்பர வருவாயே அளவுகோலானால், ஓவியனுக்கு அரைமணி நேரமும் வீண்செலவாகத் தோன்றும். தனியார் அலைவரிசைகளோ ஓவியம் பல கோடிக்கு ஏலம்போகும் நாளில் மட்டும் ஓவியனை நினைக்கின்றன.

வெங்கடப்பா கலைக்கூடத்தையே ஒரு தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில் விடும் திட்டத்தை எதிர்த்து 2016இல் பெங்களூரு ஓவியர்கள் திரண்டார்கள். சுவரைக் காக்கத் திரண்டவர்கள் திரையைக் கேட்கவும் திரள வேண்டும். தூர்தர்ஷனின் சந்தனா அலைவரிசை வெங்கடப்பாவிலிருந்து ஒரு தொடரைத் தொடங்கட்டும். அது தமிழிலும் வரட்டும். சோழமண்டலத்தில் பத்திக் துணி செய்து விற்று வயிறு வளர்த்தபடியே ஓவியம் தீட்டிய கே.சி.எஸ். பணிக்கரின் தோழர்களைப் பற்றிய தொடர் தமிழிலிருந்து கன்னடத்துக்குப் போகட்டும். அவற்றில் பணிபுரியும் ஓவியர், ஒளிப்பதிவாளர், மொழிபெயர்ப்பாளர் அனைவருக்கும் உரிய ஊதியம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.