சோப்புப் பெட்டிக்குள் ஒரு சோதனைக் கருவி

(ஏனாத்தூரில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் சிலருடைய பள்ளிகளுக்கு அடல் ஆய்வகம் வந்திருக்கிறது. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய திட்டம். ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை மானியம். அதில் வந்த ஆர்டுயினோ பலகைகள் இப்போது எங்கே என்று கேட்டால், பல இடங்களில் பீரோவைத்தான் காட்டுவார்கள். ஆசிரியருக்கு ஆர்வம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பலகை எரிந்துபோனால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், பூட்டிய பலகையும் எரிந்த பலகையும் மாணவனுக்கு ஒன்றுதான்.

அந்தப் பலகையைக் கொண்டு, பள்ளிக்கே பயன்படும் ஒரு கருவியை மாணவர்களே செய்யலாம். உதாரணத்துக்கு நம் வகுப்பறை மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். ரெகுலேட்டரை 5-இல் வைத்தாலும் மெதுவாகச் சுற்றும். பெரும்பாலும் குற்றவாளி அதற்குள் இருக்கும் 2.5 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. நாள்பட அதன் மதிப்பு குறைந்துவிடும். குறைந்திருக்கிறதா என்று அறிய, மின்தடையும் மின்தேக்கியும் பற்றி நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் அதே பாடம் போதும்.

ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது ஏடிமெகா 328 என்ற சிப். அது 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை எண்ணாகச் சொல்லும். ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். 470 கிலோ ஓம் மின்தடை வழியாக மின்தேக்கியை மின்னேற்றம் செய்து, அந்த எண் 647-ஐத் தொடும் நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஏன் 647? மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் வரும் நேரத்தில் மின்தேக்கி 63 சதவீதம் ஏறியிருக்கும். 1024-இல் 63.2 சதவீதம் அது. நல்ல மின்தேக்கி என்றால் சுமார் 1.2 வினாடி ஆகும். முக்கால் வினாடியிலேயே தொட்டுவிட்டால் அதன் மதிப்பு 1.6-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். வகுத்துப் பார்ப்பது மாணவன். விடை தெரியும்போது விசிறியும் சரியாகிறது.

இதையே விரிவாக்கினால் முழுமையான உதிரிபாகச் சோதனைக் கருவி கிடைக்கும். ஜெர்மனியின் மார்கஸ் ஃப்ரேயெக் வடிவமைத்து, வரைபடத்தையும் நிரலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். கார்ல் ஹைன்ஸ் கூபலர் பின்னர் அதை வளர்த்தெடுத்தார். மூன்று சோதனை முனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 680 ஓம், ஒரு 470 கிலோ ஓம் மின்தடை. சிப், ஒரு சிறு திரை, 9 வோல்ட் பேட்டரி. எல்லாம் ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கும். கால் எது, தலை எது என்று தெரியாத டிரான்சிஸ்டரைச் செருகினால், அது என்பிஎன்னா பிஎன்பியா, அடிவாய் எந்தக் கால் என்று சொல்லிவிடும்.

எப்படிச் சொல்கிறது? பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் கொக்கி ஏறும், இல்லையென்றால் ஏறாது. சிப்பின் முனையும் அப்படித்தான், 5 வோல்ட் அல்லது பூஜ்யம். கூடுதலாக ஒரு வித்தை உண்டு: எந்தப் பக்கமும் சேராமல் சும்மா நின்று கவனிக்கவும் அதற்குத் தெரியும். மூன்று கால்களுக்கும் இந்த நிலைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்த வழியில் மின்னோட்டம் போகிறது என்று பார்க்கிறது. ஒரே திசையில் மட்டும் போய், 0.6 அல்லது 0.7 வோல்ட் விழுந்தால் சிலிக்கான் டையோடு. பன்னிரண்டாம் வகுப்பில் குறைக்கடத்தி நடத்தும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் அஜித்குமார் குழுவினர் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ். உள்ளங்கை அளவுதான், கணினியோடு இணைத்தால் அலைநோக்கியாகிவிடும். அதன் வடிவமைப்பும் திறந்ததே. வாங்கிப் பயன்படுத்துங்கள். ஆனால், முதலில் ஒன்றையாவது மாணவர் கையால் செய்ய விடுங்கள் என்பது என் கட்சி.

இரண்டு எச்சரிக்கைகள். விசிறியிலிருந்து மின்தேக்கியைக் கழற்றுவது மின்பணியாளரின் வேலை. மாணவரை ஏணியில் ஏற்றாதீர்கள். கழற்றியதை மின்னிறக்கம் செய்த பிறகே கருவியில் வைக்க வேண்டும். மின்னூட்டம் மிச்சமிருந்தால் ஒரு நொடியில் சிப் போய்விடும், விரலுக்கும் ஆபத்து. வீட்டு மின்சாரத்தை இக்கருவியால் ஒருபோதும் தொடக்கூடாது.

பதிவேட்டு விஷயத்துக்கு வருகிறேன். மின்தடை, ஒயர், தனிச் சிப் போன்றவற்றை நுகர்பொருளாக எழுதிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆர்டுயினோ பலகையின் சிப் சாக்கெட்டில் செருகியதாக இருந்தால், எரிந்தால் அதை மட்டும் மாற்றலாம், பலகை பிழைத்துக்கொள்ளும். இப்படி ஒரு வழி இருப்பதை அதிகாரிகளும் ஆசிரியர்களுக்குத் தெளிவாகச் சொன்னால் பாதிப் பீரோக்கள் திறந்துவிடும்.

பின்னால் மேசையில் ஐந்து மின்தேக்கிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் அச்சு அழிந்துவிட்டது. தேநீருக்குப் பிறகு குழுவாக அமர்ந்து அதன் மதிப்பைக் கண்டுபிடியுங்கள்.