சாதனம் எங்கே, பொறுப்பு யாருக்கு?

 

கணினியில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று பட்டியல் போடுவது எளிது. அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பதிவுசெய்வதுதான் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக் கடினமான வேலை. என் உரை அதைப் பற்றியதே.

லினக்ஸ் 2.4 காலத்தில் பிசிஐ, யூஎஸ்பி எனச் சாதனங்களை இணைக்கும் ஒவ்வொரு பஸ்ஸும் தன் கணக்கைத் தன்போக்கில் வைத்திருந்தது. மடிக்கணினியை உறங்கவைக்கும்போதுதான் இதன் குறை பெரிதாகத் தெரிந்தது. யூஎஸ்பி வட்டு ஒரு கட்டுப்படுத்தியின்கீழ் இருக்கிறது. அந்தக் கட்டுப்படுத்தி பிசிஐ பஸ்ஸில் இருக்கிறது. கட்டுப்படுத்தியை முதலில் நிறுத்திவிட்டால் வட்டுக்குத் தரவு போகும் வழியே அடைபட்டுவிடும். கீழே உள்ளது முதலில், மேலே உள்ளது பிறகு என்ற வரிசை வேண்டும். அதற்கு எல்லா பஸ்களையும் தழுவிய ஒரே மரம் வேண்டும். 2.5 வரிசையில் பேட்ரிக் மோச்செல் முன்னின்று அந்தப் பொது மாதிரியை உருவாக்கினார். 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில், சிஸ்எஃப்எஸ் கோப்புமுறை வழியே அந்த மரத்தை எவராலும் பார்க்க முடிந்தது.

இம்மாதிரியில் பஸ், சாதனம், டிரைவர் என மூன்று உறுப்புகள். சாதனத்துக்கும் டிரைவருக்கும் பொருத்தம் பார்ப்பது பஸ்ஸின் வேலை. பொருந்தினால் டிரைவரின் புரோப் செயல்கூறு அழைக்கப்படும். அது வெற்றி பெற்றால் சாதனம் அந்த டிரைவரின் பொறுப்பில் வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, மைக் உள்ள ஒரு வெப்கேமராவைச் செருகிப் பாருங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் 1-1.4 என்று ஒரு பெயர் தோன்றலாம்: முதல் பஸ், அதன் முதல் போர்ட்டில் ஒரு ஹப், அந்த ஹப்பின் நான்காம் போர்ட். பெயரே முகவரி. அதன்கீழ் 1-1.4:1.0 என்பதுபோல் இடைமுகங்கள் வரிசையாக நிற்கும். படத்துக்கான இடைமுகங்களை ஒரு டிரைவர் எடுத்துக்கொள்ளும், ஒலிக்கானவற்றை இன்னொன்று. கையில் இருப்பது ஒரே பொருள். கெர்னலில் அதற்குப் பொறுப்பாளர் இருவர்.

யூஎஸ்பியும் பிசிஐயும் கேட்டால் தம் அடையாளத்தைச் சொல்லும். ஐ2சி பஸ்ஸில் உள்ள வெப்பநிலை உணரிக்கு அப்படிச் சொல்லும் பொது வழி இல்லை. ஆகவே ஏஆர்எம் செயலிப் பலகைகளில் எந்தச் சாதனம் எங்கே உள்ளது என்ற விவரங்களைக் கெர்னல் நிரலிலேயே பலகைக்கொரு கோப்பாக எழுதிக் குவித்தார்கள். 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கடுமையாகச் சாடினார். அதன்பின் அவ்விவரங்கள் டிவைஸ் ட்ரீ என்ற தனித் தரவுக்குப் பெருமளவில் இடம்பெயர்ந்தன.

இனி, பிடுங்கப்படும் சாதனம். ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே சாதனம் போய்விடலாம். கெர்னலில் அதைக் குறிக்கும் தரவுக் கட்டமைப்பை உடனே அழித்தால், அந்த நிரல் தொடுவது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தை. ஆகவே பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கெர்னல் வைத்திருக்கிறது. அது பூஜ்யமானால்தான் நினைவகம் விடுவிக்கப்படும்.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கவிருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதும் டிரைவர் சாதனத்தை எப்படி இயக்குகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சாதனம் எதன்கீழ் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, அது போனபின் அதன் நினைவகத்தை யார் விடுவிப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் கட்டுரையில் விடை இருக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.