குறிப்பேடும் கணிப்பொறியும்

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நடைபெற்ற இளைஞர் மாலையில் நம் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, அன்பின் விருந்து, மலர் வெளியீடு ஆகியவை நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் குழுக்கள் அமைத்தாகிவிட்டது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. நம் பங்கில் பொறியியலும் கணிப்பொறி இயலும் பயிலும் மாணவர் சிலர் அண்மையில் நம்மிடம் வந்து, "பங்குக் குடும்பங்களின் விவரங்களை எல்லாம் கணிப்பொறியில் ஏற்றித் தருகிறோம், ஃபாதர்" என்றனர். கல்லூரியில் இறுதியாண்டுக்கு அவர்கள் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். அது பங்குக்குப் பயன்படட்டுமே என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம். ஆயினும் பங்குப் பேரவை உடனே தலையசைத்துவிடாமல், இதை உங்கள் அனைவர் முன்னும் வைத்துப் பேச வேண்டும் என்று முடிவு செய்தது.

குடும்ப விவரங்களை எழுதி வைப்பது திருச்சபைக்குப் புதிய பழக்கமன்று. அக்கால ஐரோப்பாவில் மறைவில் ஒரு பெண்ணை மணந்துவிட்டு, பின்னர் அவளைக் கைவிட்டு வேறொருத்தியை ஊரறிய மணந்துகொள்வோர் இருந்தனர். கைவிடப்பட்டவளிடம் காட்டுவதற்குச் சான்று ஏதுமில்லை. ஆகவே 1563-ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களைச் சாட்சிகள் முன் நடத்தவும், மணமக்களின் பெயர்களைப் பங்குக் குரு ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கவும் ஆணையிட்டது. 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், பங்குதோறும் ஐந்து குறிப்பேடுகளைக் கேட்டது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஐந்தாவதற்கு இலத்தீனில் 'ஸ்தாத்துஸ் அனிமாரும்' என்று பெயர். 'ஆன்மாக்களின் நிலை' என்று பொருள். வீடு வீடாகச் சென்று, அங்கே யார் இருக்கிறார், வயது என்ன, எப்படி இருக்கிறார் என்று எழுதி வரும் ஏடு அது. நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் இந்தப் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் அருமை பங்குக்கு வந்த பிறகுதான் விளங்குகிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் தனது 529-ஆம் விதியில், பங்குக் குரு குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்திருப்போரையும் சிறப்பாகத் தேடிச் செல்ல வேண்டும் என்கிறது.

நம் அலுவலகத்திலும் ஒரு குடும்பக் குறிப்பேடு உண்டு. பழைய கோயிற்பிள்ளை ஒருவரின் முத்து முத்தான கையெழுத்து. அதைப் புரட்டினால், ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்குப் போய்விட்ட குடும்பங்கள் இன்னும் நம் தெருக்களிலேயே குடியிருக்கின்றன. மகன் வெளிநாடு போக, தனியே மாடியில் இருக்கும் பெற்றோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இது ஏன் நம்மை உறுத்த வேண்டும்? 2015 டிசம்பர் முதல் தேதி இரவை இங்கிருப்போருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் வந்தது. ஆற்றை ஒட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் தரைத்தளங்கள் மூழ்கின. மின்சாரம் நின்றது, செல்பேசிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உதவி செய்ய மனமுள்ளவர்களுக்கு அந்த நாள்களில் பஞ்சமில்லை. ரொட்டியும் போர்வையும் குவிந்தன. எந்த பிளாக்கில், எந்த மாடியில், எழுந்து நடக்க முடியாத ஒருவர் படுத்திருக்கிறார் என்ற செய்திதான் படகோடு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரத்தில் அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞரும் தன்னார்வலர்களும் இணையத்தில் ஒரு சென்னை வரைபடத்தைத் திறந்து வைத்தனர். தம் தெருவில் நீர் நிற்பதைக் கண்டவர் எவரும் அந்தத் தெருவைத் தொட்டுக் குறிக்கலாம். சில நாள்களில் 2,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. மிகப் பயனுள்ள பணி. ஆனால் அது தெருவைக் காட்டியது. தெருவுக்குள் இருந்த ஆளைக் காட்டவில்லை. செல்பேசியில் உயிர் இருந்தவர்தான் அதில் குறிக்கவும் முடிந்தது.

மாணவர்களால் இதிலெல்லாம் என்ன செய்ய முடியும் என்று கேட்போர் உண்டு. நம் பக்கத்து வீட்டையே பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு 'அனுசாட்' என்ற சிறு செயற்கைக்கோளை உருவாக்கினர். 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஓரிடத்துச் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு வேறோரிடத்தின் மேல் பறக்கும்போது இறக்கிக் கொடுப்பது அதன் வேலை; தபால்காரர் வேலைதான். ஆகவே திறமையைப் பற்றி நமக்கு ஐயமில்லை.

ஹெயிட்டி என்ற தீவு நாட்டில் 2010 ஜனவரி 12-ஆம் தேதி நிலநடுக்கம் ஏற்பட்டது. பெரும்பாலோர் கத்தோலிக்கர் வாழும் நாடு. தலைநகரின் பேராலயம் இடிந்தது; பேராயர் மியோ உயிரிழந்தார். அங்கிருந்து தொலைவில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரருகே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் மையர் என்ற ஆராய்ச்சி மாணவர், அன்றிரவே ஒரு நெருக்கடி வரைபடத்தைத் தொடங்கினார். உடன் பயின்ற மாணவர்கள் அவரது வீட்டிலேயே இரவு பகலாக உட்கார்ந்து, வரும் செய்திகளை இடத்தோடு பொருத்தினர். அவர்கள் பயன்படுத்திய கருவி 2008-இல் கென்யாவில் உருவானது. 'உஷாஹிதி' என்று பெயர். சுவாகிலி மொழியில் அதற்குச் 'சாட்சியம்' என்று பொருள். ஹெயிட்டி மக்கள் 4636 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற ஏற்பாடும் சில நாள்களில் வந்தது. ஆனால் செய்திகள் வந்ததோ அவர்களுடைய கிரெயோல் மொழியில்! பாஸ்டன் மாணவர்கள் திகைத்தனர். வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெயிட்டி மக்கள் ஆயிரக்கணக்கான செய்திகளை மொழிபெயர்த்தனர். பெற்ற ஊரின் சந்து பொந்துகள் அவர்களுக்குத்தான் தெரியும். அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு முகவரியைப் படித்தே அது எந்தக் கோயிலுக்குப் பின்புறம் என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

2018 ஆகஸ்டில் நம் அண்டை மாநிலமான கேரளம் நீரில் மூழ்கியது. அப்போது 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையத்தளம், மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்போடு சேர்ந்து, ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் கேரளக் கிளைத் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டது. அவர்களில் கல்லூரி மாணவர்கள் பெருந்தொகையினர். எவருக்கு மீட்பு வேண்டும், எந்த முகாமில் என்ன தேவை, யார் உதவ முன்வருகிறார் என்பவை அதில் பதிவாயின. செங்கன்னூரில் மாடியில் சிக்கிய பெற்றோருக்காக வளைகுடா நாட்டிலிருந்து மகன் பதிவு செய்தான். அதே வீட்டுக்காக மைத்துனரும் பதிவு செய்தார். அண்டை வீட்டாரும் செய்தார். மீட்கப்பட்டவரின் பெயர் பட்டியலில் அப்படியே நிற்க, படகு இன்னொரு முறை அங்கே போகவும் கூடும். எனவே தன்னார்வலர்கள் ஒவ்வோர் எண்ணையும் அழைத்து, "வந்து சேர்ந்துவிட்டார்களா?" என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பெருமை இல்லாத, காதும் தொண்டையும் வலிக்கும் வேலை. அதுதான் அந்தத் தளத்தைப் பயனுள்ளதாக்கியது என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தச் செய்திகளை நம்பிப் போனவர்கள் யார்? திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளின் மீனவர்கள். அவர்களில் பலர் நம்மைப் போன்ற இலத்தீன் கத்தோலிக்கப் பங்குகளைச் சேர்ந்தவர்கள். படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். 669 படகுகள், 4,537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்று அப்போது அரசுத் தரப்பில் கணக்குச் சொன்னார்கள். கடலை அறிந்த அவர்களுக்கு உள்ளூர்ச் சந்துகள் தெரியா. ஆங்காங்கே உள்ளூர் இளைஞர்கள் படகில் ஏறி வழி சொன்னார்கள். கணிப்பொறி, படகு, வழி சொன்ன பையன் மூன்றும் சேர்ந்துதான் ஒரு மூதாட்டியை மாடியிலிருந்து இறக்கின.

இனி நம் மாணவர்களின் திட்டத்துக்கு வருவோம். முதலில், கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் வீடுகளுக்குப் போங்கள்; தனியாகப் போகாதீர்கள். நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் போய் வரும் வீடுகள் உண்டு. அவர்கள் பின்னால் போங்கள். அந்தச் சபையை 1833-இல் பாரிசில் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் உங்களைப் போன்ற மாணவர்களே. ஓசானாமுக்கு அப்போது வயது 20. ஏழைகளுக்கு இன்று உங்கள் திருச்சபை என்ன செய்கிறது என்று பிற மாணவர்கள் ஏளனமாகக் கேட்டதிலிருந்து பிறந்த சபை அது. எந்த வீட்டுக்குப் போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முஃப்தார் பகுதியின் ஏழைகளிடையே பணிபுரிந்த ரோசலி என்ற அருட்சகோதரிதான் குடும்பங்களைக் காட்டி, எப்படிப் பேசவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாவது, என்ன கேட்பது? படியிறங்க முடியாதவர் யார், இன்சுலின் ஊசியோ ஆக்சிஜனோ தேவைப்படுவோர் யார், தனியே இருப்போர் யார், அவசரத்தில் யாரை அழைப்பது? இவை போதும். வருமானம் வேண்டாம். ஞாயிறு பூசைக்கு வருகிறாரா, நற்கருணை வாங்குகிறாரா என்பதும் இந்த ஏட்டுக்கு வேண்டாம். சாதி என்ற பத்தி அறவே கூடாது. உதவித்தொகைக்குச் சான்று கேட்டு வருவோருக்கு அதைத் தனியே கவனித்துக்கொள்ளலாம். பேரவையில் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். குரல்கள் உயர்ந்ததும் உண்டு; நம் முடிவில் மாற்றமில்லை.

பெயர் தர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. ஒருவருடைய நற்பெயருக்கும் அந்தரங்கத்துக்கும் உள்ள உரிமையைத் திருச்சபைச் சட்டத்தின் 220-ஆம் விதி காக்கிறது. நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. வெள்ள நாள்களில் உதவி கேட்டுப் பரப்பப்பட்ட பெயர்களும் எண்களும் நீர் வடிந்த பின்னும் ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. தனியே வாழும் ஒரு விதவையின் வீட்டு எண் யார் கைக்கும் போகலாம் என்றால் அந்த ஏடு இல்லாமலிருப்பதே மேல். ஆகவே திறவுகோல் மூவரிடம் மட்டும் இருக்கும்: பங்குக் குரு, சபைத் தலைவர், பேரவைச் செயலர்.

மூன்றாவதாக ஒன்று, நம் பாட்டிமார் கேட்டது. "கரண்ட் போனா உங்க கம்ப்யூட்டர் என்ன செய்யும், சாமி?" 2015-இல் கரண்ட் போனதே! எனவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் தாளில் அச்சாகி, பிளாஸ்டிக் உறையில், பூட்டிய பெட்டியில், மாடி அறையில் இருக்க வேண்டும். மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு தங்கள் திட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அண்டை வீட்டார் கிறிஸ்தவரல்லாதவராயினும், விரும்பினால் அவர் பெயரும் இதில் இருக்கும். ஆற்றுத் தண்ணீர் திருமுழுக்குச் சான்றிதழ் பார்த்து வீட்டுக்குள் வருவதில்லை.

புராஜெக்ட் முடிந்து, மதிப்பெண் வாங்கி, வேலை கிடைத்து மாணவர் போய்விட்ட பின் இதை யார் பார்ப்பது? இங்கேதான் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் சாகின்றன. 36 மணி நேரப் போட்டிகளில் பரிசு பெற்று, மறுவாரம் மறக்கப்படும் திட்டங்கள் நாட்டில் ஏராளம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995 முதல் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் குழு ஒரு தொண்டு அமைப்போடு பல ஆண்டுகள் இணைந்திருக்கும். மூத்தவர் தேர்ச்சி பெற்றுப் போகுமுன் இளையவர் குழுவில் சேர்ந்து வேலையைக் கற்றுக்கொள்வர். நாமும் அதையே கேட்கிறோம். முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் பதினோராம் வகுப்பில் உள்ள ஒருவரைத் தம் இடத்தில் அமர்த்திவிட்டுப் போகவேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட பின்னரே பேரவை அலுவலகக் கணிப்பொறியைத் திறந்து கொடுக்கும்.

ஐந்து மாணவியரும் மூன்று மாணவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், ஆற்றை ஒட்டிய பிளாக்கிலிருந்து தொடங்குகிறோம். சபையினர் இருவர் உடன் வருவார்கள். முதல் வாரம் ஏட்டையும் பேனாவையும் மட்டும் எடுத்து வாருங்கள். பெற்றோர்களே, மதிய உணவுக்குப் பிள்ளைகள் தாமதமாக வந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த வீடுகளில் காப்பி குடிக்காமல் வெளியே விடமாட்டார்கள்.